ஆடிப்பட்டம் எல்லா ஊருக்கும் ஒன்றல்ல: குமரி மாவட்டத்து வீட்டுத் தோட்டங்களில் கண்டவை

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்னும் பழமொழியை நம்பி மாடியில் வளர்ப்புப் பைகளை அடுக்கத் தொடங்குகிறவர் குமரி மாவட்டத்தில் குடியிருப்பவராக இருந்தால், தம் வீடு ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. ஆடி மாதத்தில் தோவாளைப் பக்கம் கொடியில் காயும் துணி கிளிப்போடு பறக்கும் அளவுக்குக் காற்று வீசும்; அதே நாளில் குலசேகரத்தில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருக்கும்; முட்டம் கடற்கரையிலோ உப்புச் சாரல் ஜன்னல் கம்பிகளில் படிந்திருக்கும். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் மழை. இந்த மாவட்டத்துக்கு, அதிலும் கல்குளம், விளவங்கோடு பக்கத்துக்கு, இடவப்பாதியில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு. அதன் பின் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. கோயம்புத்தூரையோ சென்னையையோ மனத்தில் வைத்து எழுதப்பட்ட பட்ட அட்டவணையை அப்படியே பின்பற்றினால், விதையில் குறையில்லாமலேயே செடி கெட்டுப்போகும்.

இந்த மூன்று வகை நிலத்திலும் செடி வளர்க்கும் வாய்ப்பு எனக்குக் குடும்ப வழியாகவே அமைந்தது. திருமணத்துக்குப் பின் என் கணவரின் வேலையை ஒட்டித் தோவாளையில் வாடகை வீட்டில் நெடுங்காலம் இருந்தோம். அவருடைய பூர்வீக வீடும் விளையும் (தோட்டமும்) குலசேகரத்துக்கு அருகில் இருக்கின்றன. இப்போது நாங்கள் வசிப்பதும் அங்கேதான். என் அக்காளை முட்டத்துக்கு மேற்கே ஒரு கடலோர ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரே செம்பருத்திக் கம்பை மூன்றாக நறுக்கி மூன்று வீட்டிலும் நட்டால் மூன்று விதமாக வளரும் என்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான், "இந்தச் செடிக்கு எவ்வளவு தண்ணீர் விட வேண்டும்?" என்று யாராவது கேட்டால், "உங்களுக்கு எந்த ஊர்?" என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் எனக்கு வந்தது.

தோவாளை வீட்டில் மொட்டை மாடி பெரியது. வைகாசி பிற்பகுதியில் எழும் காற்று ஆவணி வரை ஓயாது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமான அதே காற்றுதான் நம் புடலங்கொடியையும் கிழிக்கிறது. காற்று செடியைச் சாய்ப்பது வெளியே தெரியும் சேதம். வெளியே தெரியாத சேதம் இலை வழியாக ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போவது. காலையில் நிறைய நீர் ஊற்றிய பையில்கூடப் பிற்பகலில் இலை தொங்கும். அப்போது மேலும் மேலும் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகுமே தவிர இலை நிமிராது. காற்றைத் தடுப்பதுதான் அங்கே நீர் பாய்ச்சுவதற்குச் சமம். அதற்காகத் தகரத்தாலோ சுவராலோ முழுவதுமாக மறைத்தால், காற்று மேலேறிக் குதித்து மறுபக்கம் சுழன்று அடிக்கிறது. சுவரை ஒட்டி இருந்த பைகளைவிடச் சற்றுத் தள்ளி இருந்தவைதான் அதிகம் சாய்ந்தன. பாதிக் காற்றை விட்டுப் பாதியைத் தடுக்கும் பச்சை நிழல் வலையை மேற்குப் பக்கம் இரும்புக் குழாயில் இழுத்துக் கட்டியபின் செடிகள் நிம்மதியாக நின்றன. வலையை மேலே போடாமல் பக்கவாட்டில் கட்டியிருப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டார் சிரித்தார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் மாடியிலும் அதே இடத்தில் வலை தொங்கியது.

கொடிவகைகளை அங்கே ஆடியில் விதைக்கவே கூடாது என்பது என் முடிவு. பாகல், புடலை, பீர்க்கு மூன்றும் பூக்கும் நேரத்தில் காற்று ஓங்கி நின்றால் தேனீ வராது. பெண்பூ பிஞ்சோடு உதிர்ந்துவிடும். ஆவணிக் கடைசியில் விதைத்துப் புரட்டாசியில் பந்தலேற்றினால், வடகிழக்கு மழையின் ஈரமும் காற்று ஓய்ந்த அமைதியும் சேர்ந்து கிடைக்கின்றன. காற்று மாதங்களில் மாடிக்கு ஏற்றவை தரையோடு கிடப்பவையும் தடித்த இலை கொண்டவையும்தான்: பத்துமணிப்பூ, அடினியம், கற்றாழை, நித்தியகல்யாணி, வாடாமல்லி. காய்களில் வழுதலையும் (கத்தரி) மிளகாயும், நுனி கிள்ளிக் குட்டையாக வளர்த்தால் தாக்குப்பிடிக்கும். வெண்டை உயரமாக வளர்ந்து காற்றில் ஆடி ஆடி வேரோடு தளர்ந்துவிடும். அதைத் தரையில் நெருக்கமாக விதைப்பதே மேல்.

தோவாளைக்கு உரிய உண்மையான பரிசு காகிதப்பூவும் பிச்சியும். காகிதப்பூச் செடி சற்றே தண்ணீர்ப் பஞ்சத்தில் வைத்தால்தான் பூக்கும். மழைக்காலத்தில் இலை தழைத்துக் கிடந்த செடியை, மார்கழி முடிந்து மழை விலகியவுடன் வெட்டிவிட்டு, இலை லேசாகத் துவளும் வரை நீர் விடாமல் வைத்திருந்து, பிறகு அளவாக ஊற்றினால் மாசி, பங்குனியில் இலையே தெரியாத அளவுக்குப் பூக்கும். குலசேகரத்தில் அதே செடி ஆண்டின் பெரும்பகுதி இலையாகவே நிற்கிறது. அங்கே அதைக் கூரையின் நீட்சிக்குக் கீழே, மழை படாத சுவரோரத் தொட்டியில் வைத்தால் மட்டும் பயன் உண்டு.

பிச்சியைப் பற்றித் தோவாளைப் பூ விவசாயிகளிடம் கேட்டுக் கற்றுக்கொண்டது ஒன்றுதான். ஆனால் அது போதும். பிச்சிக்கு மார்கழி நடுவில், அதாவது டிசம்பர் கடைசி வாரத்தில், கத்தரி போட வேண்டும். மல்லிக்கு அதற்கு ஒரு மாதம் முன்பே, நவம்பர் கடைசியில். இரண்டையும் ஒரே நாளில் வெட்டிவிடுவது வீட்டுத் தோட்டக்காரர்களின் வழக்கம். அப்படி வெட்டினால் ஏதேனும் ஒன்று பூப்பதில் பின்தங்கும். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு வெட்டி, உலர்ந்த குச்சிகளையும் நோய்ப்பட்ட கிளைகளையும் நீக்கி, அடியில் மண்ணைக் கிளறித் தொழுவுரம் இட்டால், வரும் புதுக் கிளைகளில்தான் மொட்டு கட்டும். வெட்ட மனம் வராதவர்கள் பிச்சியை வேலியில் ஏறவிட்டு, எட்டாத உயரத்தில் பூப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கேந்தியும் (துலுக்கச் சாமந்தி) வாடாமல்லியும் ஓணத்தைக் கணக்கிட்டு நட வேண்டியவை. ஓணத்துக்கு முந்தைய நாட்களில் தோவாளைச் சந்தையிலிருந்து கேரளத்துக்குப் பூ ஏறுவதால் அங்கே விலையும் ஏறும். நம் மாவட்டத்து மேற்குப் பகுதி வீடுகளிலும் அத்தப்பூக்கோலம் உண்டு. கேந்தி, நாற்றை நட்டு ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பூக்கும் என்பதால், ஓணம் வரும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி நட்டு, வேர் பிடித்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் கிளைத்து நிறையப் பூக்கும். வாடாமல்லிக்கு இவ்வளவு கணக்குக்கூட வேண்டாம். பறித்த பூ வாடாது, முன்கூட்டியே பறித்து வைத்துக்கொள்ளலாம்.

குலசேகரத்து விளைக்கு வந்தபோது பழைய அனுபவத்தில் பாதி உதவவில்லை. அங்கே மண் செஞ்சரளை. பல நூற்றாண்டுகளாக மழை கழுவிக் கழுவிச் சுண்ணச்சத்து கரைந்துபோன, அமிலம் மிகுந்த புளித்த மண். தொழுவுரம் எவ்வளவு இட்டாலும் தக்காளிக் காயின் அடிப்பகுதி கறுத்து அழுகியது, பயறு மஞ்சளித்தது. உரம் போதாது என்று எண்ணி மேலும் மேலும் உரமிடுவதுதான் அங்கே பலரும் செய்வது. மண்ணுக்கு வேண்டியிருந்தது சுண்ணாம்பு. ஒரு சென்டுக்கு 2 முதல் 3 கிலோ வரை நீற்றுச் சுண்ணாம்பைத் தூவி, மம்பட்டியால் கொத்திக் கலந்து, ஈரமாக வைத்திருந்து, குறைந்தது இரண்டு வாரம் கழித்தே சாணமும் பிற உரமும் இட வேண்டும். சுண்ணாம்பையும் சாணத்தையும் ஒன்றாகக் கலந்தால், சாணத்திலுள்ள தழைச்சத்து அம்மோனியாவாக ஆவியாகிப் போய்விடும். மூக்கை உறுத்தும் வாசனை வந்தால் உரம் காற்றோடு போகிறது என்று பொருள். சுண்ணாம்பிட வசதியில்லாத தொட்டிகளுக்கு, தென்னை ஓலையும் கொதும்பும் எரித்த அடுப்புச் சாம்பலைக் கொஞ்சமாகத் தூவலாம். ஆனால் செம்பருத்தி, வெட்சி, ஆந்தூரியம் ஆகியவற்றுக்குச் சற்றுப் புளித்த மண்ணே பிடிக்கும். வெட்சித் தொட்டியில் சாம்பலைக் கொட்டினால் இளந்தளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும்.

அந்த வீட்டின் பெருமை நல்லமிளகு. பலா மரத்திலும் கமுகிலும் ஏறிய கொடிகளிலிருந்து மாமியார் பறித்து உலர்த்தும் மிளகுதான் எங்கள் வீடுகளுக்கெல்லாம். கொடியேற்ற மரமில்லாதவர்களும் அதைத் தொட்டியில் புதராக வளர்க்க முடியும். இரகசியம் கம்பைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. தரையில் ஓடும் கொடியையோ மரத்தைப் பற்றி ஏறும் கொடியையோ வெட்டி நட்டால் அது மறுபடியும் ஏறவே பார்க்கும். பக்கவாட்டில் நீண்டு, காய்ச்சரம் தொங்கும் கிளையை மூன்று முதல் ஐந்து கணுவோடு வெட்டி நட்டால், அது ஏறாமல் புதராகவே நின்று காய்க்கும். இந்தக் கிளை வேர் பிடிக்கத் தயங்கும். மணலும் மண்ணும் மட்கிய உரமும் கலந்த சிறு பையில் ஊன்றி, மேலே ஒளி புகும் பிளாஸ்டிக் உறையை மூடி ஈரத்தைக் காத்து, நிழலில் இரண்டு மாதம் அளவுக்குப் பொறுத்திருக்க வேண்டும். அப்படியும் பாதிக்கு மேல் போனாலும் வியப்பில்லை. நிறைய ஊன்றுவதுதான் வழி. எப்போது ஊன்றுவது என்பதற்கு மாமியார் சொல்லும் கணக்கு எளியது: "மக்களே, மழை கண்ட உடனே ஓடிப்போய் வைக்காதே. மண்ணு குளுந்த பெறகு வை." அதாவது, இடவப்பாதி தொடங்கி முதல் சில மழையில் மண்ணின் சூடு தணிந்த பின், திருவாதிரை ஞாற்றுவேலையை (சூரியன் திருவாதிரை நட்சத்திரத்தில் நிற்கும் இரு வார காலம்) ஒட்டி, ஜூன் பிற்பகுதியில். பழைய திருவிதாங்கூர் நாட்டு வழக்கம் இது. சாரலும் வெயிலும் மாறி மாறி வரும் அந்த நாட்களில் கம்பு காய்வதுமில்லை, அழுகுவதுமில்லை.

மிளகின் எமன் வாடல் நோய். நேற்று வரை பச்சையாக நின்ற கொடி, தொடர்மழைக்குப் பின் அடித்தண்டு கறுத்து, இலை உதிர்ந்து, கணுக்கணுவாகக் கழன்று விழும். தண்ணீரில் நீந்திப் பரவும் ஒரு பூசணம் இதற்குக் காரணம். ஆகவே தொட்டிக்கு அடியில் நீர் தேங்காமல் செங்கல் துண்டு வைத்து உயர்த்துவதே முதல் மருந்து. மழைக்கு முன்பே ஒரு சதவீத போர்டோ கலவையைத் தெளிக்கலாம். வீட்டு அளவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் போதும்: அரை லிட்டரில் 10 கிராம் துருசு (செம்புச் சத்துள்ள மயில்துத்தம்), மற்ற அரை லிட்டரில் 10 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு, இரண்டும் பிளாஸ்டிக் வாளியில்தான், உலோகப் பாத்திரம் ஆகாது. துருசுக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். துரு நீக்கிய பளபளப்பான இரும்புக் கத்தி முனையைக் கலவையில் சிறிது நேரம் அமிழ்த்தி எடுத்துப் பாருங்கள். செம்பு நிறப் படிவு ஒட்டியிருந்தால் துருசு மிகுதி, இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்று கலக்கியதை அன்றே தெளித்துவிட வேண்டும். மண்ணில் டிரைக்கோடெர்மா இடுகிறவர்கள் இதை மண்ணில் ஊற்றக் கூடாது. டிரைக்கோடெர்மா நன்மை செய்யும் பூசணம். செம்பு அதையும் கொன்றுவிடும்.

தென்னைக்கு அடியில் பூச்செடி வைத்திருப்பவர்களுக்கு அண்மைக் காலத்தில் வந்த தொல்லை ஒன்று உண்டு. குரோட்டன்ஸ், ஆந்தூரியம், வாழை, கறிவேப்பிலை என்று எல்லா இலைகளின் மேற்புறமும் அடுப்புக்கரி பூசியதுபோல் கறுத்துப்போகும். பலர் அந்தச் செடிகளுக்கே ஏதோ நோய் என்று எண்ணி மருந்து தேடுகிறார்கள். நிமிர்ந்து பார்த்தால் காரணம் தெரியும்: தென்னை ஓலையின் அடிப்புறத்தில் வெள்ளை மாவு சுருள் சுருளாகப் படிந்திருக்கும். 2016இல் இந்தியாவுக்குள் வந்தது தெரியவந்த சுருள் வெள்ளை ஈ அது. அது சாற்றை உறிஞ்சிக் கழிக்கும் தேன் போன்ற திரவம் கீழே சொட்டி, அதன்மேல் கரும்பூசணம் வளர்கிறது. பூசணம் இலைக்குள் போவதில்லை. வெயிலை மறைத்து இலையைப் பட்டினி போடுகிறது.

இதற்குப் பூச்சிக்கொல்லி அடித்தால் நிலைமை மோசமாகும். இந்த ஈயின் குஞ்சுகளுக்குள் முட்டையிட்டு அழிக்கும் என்கார்சியா என்னும் மிகச் சிறிய குளவி ஒன்று தானாகவே பெருகுகிறது. மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான். எங்கள் விளையில் செய்வதைச் சொல்கிறேன். ஓலையின் அடிப்புறத்தில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுகிறோம். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாள்களைத் தென்னை மூட்டில் கட்டுகிறோம். கறுத்த இலைகளுக்கு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா என்ற அளவில் கஞ்சி காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டித் தெளிக்கிறோம். வெயில் நன்றாக இருக்கும் நாளில் தெளித்தால் கஞ்சி காய்ந்து சருகுபோல் சுருண்டு, கரியையும் பிய்த்துக்கொண்டு உதிர்கிறது. அடியில் பச்சை இலை மீண்டும் தெரிவதைப் பார்ப்பது தனி மகிழ்ச்சி. மழை நாளில் தெளித்தால் இலை பிசுபிசுப்பதுதான் மிச்சம். இன்னொன்று, தென்னைகளுக்கு இடையே கல்வாழையும் வாழையும் வைப்பது. வெள்ளை ஈ அவற்றிலும் தங்கும், அதைத் தேடிக் குளவியும் அங்கே தங்கிப் பெருகும் என்பதால் வேளாண் பல்கலைக்கழகமே இதைப் பரிந்துரைக்கிறது. அழகுக்காக மாமியார் வேலியோரம் வைத்திருந்த சிவப்புக் கல்வாழை இப்படிப் பணிக்கும் பயன்பட்டது.

மழைக்காலத்து மற்றொரு பகை ஆப்பிரிக்க நத்தை. உள்ளங்கை அளவு வளரும் இது, இரவில் வந்து ஆந்தூரியத்தின் இளம் இலையையும், பப்பாளிக் கன்றின் குருத்தையும், முளைத்த பயற்றையும் ஒரே இரவில் முடித்துவிடும். ஓடு கட்டச் சுண்ணச்சத்து வேண்டியிருப்பதால் வெள்ளையடித்த சுவரையும் வந்து சுரண்டும். புளித்த மண்ணுள்ள எங்கள் பக்கம் வீட்டுச் சுவரில் கொத்துக் கொத்தாக ஏறி நிற்பதைப் பார்க்கலாம். வெறுங்கையால் தொடக் கூடாது. மூளையுறையைத் தாக்கும் நோய்க்குக் காரணமான எலிப் புழு இதன் உடலிலும் அது விட்டுச் செல்லும் கோழையிலும் இருக்கக்கூடும். குழந்தைகளை அண்டவிடக் கூடாது. தோட்டத்துக் கீரையைப் பலமுறை கழுவி, வேகவைத்தே உண்ண வேண்டும். உப்பைச் செடியைச் சுற்றித் தூவுவது பலர் செய்யும் வேலை. நத்தையோடு சேர்ந்து மண்ணும் கெடும். நனைந்த சாக்கை விரித்து, அடியில் பப்பாளி இலையையோ முட்டைக்கோஸ் கழிவையோ மாலையில் வைத்துவிட்டால், விடிவதற்குள் நத்தைகள் அதில் கூடியிருக்கும். கையுறை போட்டு எடுத்து, கெட்டியான உப்புக் கரைசல் வாளியில் போட்டு, பிறகு ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். தொட்டிகளுக்கு அடியிலும் கல்லிடுக்கிலும் கடுகைவிடப் பெரிய மஞ்சள் நிற முட்டைகள் குவியலாகக் கிடந்தால் அவற்றையும் விடக் கூடாது. ஒரு வீட்டார் மட்டும் பிடித்துப் பயனில்லை. எங்கள் தெருவில் அண்டை வீடுகள் நான்கும் சேர்ந்து பிடித்த ஆண்டில்தான் எண்ணிக்கை குறைந்தது.

கிழங்குகளுக்கு இத்தனை பாடு இல்லை. சேனையும் காச்சிலும் மரச்சீனியும் (மரவள்ளி) மாசி, பங்குனிக் கோடை மழையில் வைத்தால் தாமே பிழைத்துக்கொள்ளும். சிறுகிழங்கு மட்டும் தலைப்புக்கொடியைக் கிள்ளி ஆடி, ஆவணியில் நட்டு, கொடி பரவும்போது மண் அணைத்தால் தைப் பொங்கலுக்குச் சரியாகப் பறிக்கலாம். நிழலில் வைத்தால் இலை மட்டுமே கிடைக்கும்.

அக்காள் வீட்டுக் கடற்கரை மணலில் பிரச்சினை நேர் எதிரானது: ஊற்றிய நீர் நிற்காது, கிணற்று நீர் கோடையில் உவர்க்கும். அங்கே தோட்டத்தைத் தாங்குவது தேங்காய்க் கதம்பை, அதாவது தேங்காய் உரித்த மட்டை. குழி தோண்டிக் கதம்பைகளை அடுக்கும்போது உட்குழிந்த பக்கம் மேல்நோக்கி இருக்க வேண்டும்; அப்போதுதான் நீரைப் பிடித்து வைத்திருந்து வேருக்குச் சிறுகச் சிறுகக் கொடுக்கும். தரையின் மேல் மூடாக்காகப் பரப்பும்போதோ குவிந்த பக்கம் மேல்நோக்கி இருக்க வேண்டும். குழிந்த பக்கம் மேலே இருந்தால் மழைநீர் தேங்கிக் கொசு பெருகும். இரண்டுக்கும் முறை நேர்மாறு என்பதால் வேலையாளிடம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. கயிற்று ஆலைகளிலிருந்து வரும் நார்த்தூளை அப்படியே பையில் நிரப்பினால் நாற்று குன்றிவிடும். அதில் உப்பும் துவர்ப்புச் சத்தும் இருக்கும். பழுப்பு நீர் வடிவது தெளியும் வரை பலமுறை ஊறவைத்துக் கழுவ வேண்டும். உவர்க் கிணற்று நீரில் கழுவினால் உப்பை எடுத்து உப்பை வைத்த கதையாகும் என்பதால், அக்காள் ஐப்பசி மழையில் கூரை நீரைப் பிடித்து அதில்தான் ஆண்டுக்கு வேண்டிய தூளையெல்லாம் கழுவிக் காயவைத்துக்கொள்கிறாள்.

அங்கே சப்போட்டாவும் முருங்கையும் அரளியும் நித்தியகல்யாணியும் கவலையில்லாமல் நிற்கின்றன. ரோஜா நிற்கவில்லை, அவரை, பீன்ஸ் வகை உப்புக்காற்றில் இலையோரம் கருகிவிடும். காற்று பலமாக அடித்த நாளின் மாலையில் இலைகளின் மேல் நல்ல தண்ணீரைத் தெளித்துக் கழுவிவிடுவது பெரிய உதவி.

மூன்று வீட்டுக்கும் பொதுவான எதிரி பழ ஈ. பாகற்காய் வெளியே பச்சையாக இருந்தும், பிளந்தால் உள்ளே புழு நெளியும். துளசி இலையைக் கசக்கிச் சிரட்டையில் வைத்துப் பொறியாகத் தொங்கவிடும் முறை எல்லாருக்கும் தெரியும். அது மாம்பழ ஈக்கு நன்றாக வேலை செய்யும். ஏனெனில் துளசியிலுள்ள மெத்தில் யூஜினால் என்னும் மணம் அந்த ஈயின் ஆணை இழுக்கிறது. பாகலையும் புடலையும் கெடுப்பது வேறு இனத்து ஈ. அதற்குத் துளசி பயன்படாது, கியூலூர் என்னும் வேறு கவர்ச்சிப் பொருள் வைத்த பொறி வேண்டும். துளசிப் பொறியைப் பாகல் பந்தலில் கட்டிவிட்டுப் பலன் இல்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் பலர். பொறி எதுவாயினும், பெண்பூ வாடிய அன்றே பிஞ்சுக்குச் செய்தித்தாள் உறை போட்டு விடுவதே வீட்டு அளவுக்கு உறுதியான வழி. புழு விழுந்த காயை உரக்குழியில் போடாமல் வாளி நீரில் அமிழ்த்த வேண்டும். புழு மண்ணுக்குள் போய்த்தான் கூட்டுப்புழுவாகிறது.

ஆர்க்கிட், ஆந்தூரியம் இரண்டும் குலசேகரத்தின் ஈரக்காற்றுக்கு ஏற்றவை. டென்ட்ரோபியத்தை மண்ணில் நடாமல், நன்றாக ஊறவைத்துக் கழுவிய கதம்பைத் துண்டும் கரியும் ஓட்டுச் சில்லும் கலந்த துளைத் தொட்டியில் வைத்து, தொடர்மழை நேரடியாகப் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இந்த மாவட்டத்தின் வாழைகளையும் ரப்பர் மரங்களையும் சாய்த்தபோது, எங்கள் விளையின் பெரிய பலாவும் விழுந்தது. அடுத்த வாரத்திலேயே, அதன் நிழலில் செழித்த ஆந்தூரிய இலைகள் வெளுத்துக் கருகத் தொடங்கின. வலையை மேலே கட்டிச் சிலவற்றைக் காப்பாற்றினோம். மிச்சமிருந்த வெட்டவெளியில் நிழல் செடிகளைப் பிடிவாதமாக வைத்திருக்காமல், செவ்வந்தியும் மட்டி வாழையும் வைத்தோம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மட்டி, சிறிய இனிய பழம் தருவது. மெலிந்து உயர்ந்த அதன் தண்டுக்குக் குலை தள்ளும் முன்பே ஊன்றுகோல் கொடுத்துவிட வேண்டும்.

கன்று வாங்குவதில் ஒரு சொல். ரம்புட்டான் இப்போது எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு வைக்கிறார்கள். சாலையோர நாற்றுப் பண்ணை ஒன்றில் ஒட்டுக்கன்று என்று சொல்லி எங்களுக்கு விதைக்கன்றை விற்றுவிட்டார்கள். பல ஆண்டுகள் வளர்ந்து பூத்த பின் அது ஆண் மரம் என்று தெரிந்தது. விதையிலிருந்து வரும் ரம்புட்டானில் ஆண் மரங்கள் நிறைய இருக்கும். ஒட்டுக்கன்றில் தண்டின் கீழ்ப்பகுதியில் ஒட்டிய தழும்பு தெளிவாகத் தெரிய வேண்டும். தழும்புக்கு மேலிருந்து வரும் தளிர்தான் வளர வேண்டும், கீழிருந்து வருவதைக் கிள்ளிவிட வேண்டும். மங்குஸ்தானுக்கு இந்தக் கவலை இல்லை. அதன் விதைக்கன்று தாய் மரத்தைப் போலவே வரும், ஆனால் காய்க்க நெடுங்காலம் எடுக்கும். கன்னியாகுமரியில் அரசு தோட்டக்கலைப் பண்ணையும், பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும், திருப்பதிசாரத்தில் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கையில், தாய் மரம் எது என்று சொல்ல முடியாத கன்றுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஆண் மரத்தை வெட்டிய இடத்தில் ஒட்டுக்கன்று வைத்து, இப்போது அது காய்க்கிறது. காய் மஞ்சளாகத் திரும்பும்போதே மரத்துக்கு வலை போட்டுவிட வேண்டும். சிவக்கட்டும் என்று காத்திருந்தால் வௌவால்கள் முந்திக்கொள்ளும்.